முன்னமா, பிறகா? வன்னியில் வருகையைப் பற்றிப் பாடம் எடுத்ததில் கற்றவை

எங்கள் பக்கத்தில் வேதபாடம் எடுக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கடைசிக் காலம் என்று தலைப்பை அறிவித்தால் அன்றைக்குக் கதிரை காணாது. வேறு எந்தப் பாடத்துக்கும் எட்டிப் பார்க்காதவர்களும் வந்துவிடுவார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: சபை, அதாவது விசுவாசிகள், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது கடைசிக் கால உபத்திரவத்துக்கு முன்னமா, பிறகா? பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியோரம் இருக்கிற ஒரு சின்னச் சபையில் பல வருடமாக ஞாயிறு பாடசாலையும் பெண்கள் ஐக்கியத்தின் வேதபாடமும் எடுத்து வருகிறேன். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் சபையிலும் எல்லாருக்கும் நான் ரீச்சர்தான். இந்தக் கேள்வியோடு இவ்வளவு காலம் இருந்ததில் பிடிபட்டவற்றை, இதே வேலையைச் செய்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன், அதுவும் போரைக் கண்டு வந்த சனத்துக்கு முன்னால் நின்று இந்தப் பகுதிகளைத் திறக்கப் போகிறவர்களுக்காக.

முதலில் பிணக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரைவாசிச் சண்டை அதைப் பார்க்காததால் வருவது. இயேசு திரும்ப வருவார், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு இருக்கிறது. இதில் மடு மாதா கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கருக்கும் மெதடிஸ்த சபையாருக்கும் தென்னிந்திய திருச்சபையாருக்கும் எங்களைப் போன்ற பெந்தெகொஸ்தேக்காரருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. கர்த்தர் வானத்திலிருந்து இறங்கி வருவார், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், பிறகு உயிரோடிருப்பவர்கள் அவர்களோடேகூட மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று முதலாம் தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தில் இருப்பதையும் எல்லாரும்தான் வாசிக்கிறோம். அந்த எடுத்துக்கொள்ளப்படுதலும் இயேசு எல்லார் கண்ணுக்கும் தெரிய வருவதும் ஒரே நிகழ்வா, இல்லை இரண்டுக்கும் இடையில் வருடங்கள் இருக்கின்றனவா என்பதில்தான் பிரிவு.

தானியேல் 9இல் வருகிற எழுபது வாரங்களில் கடைசி வாரத்தைத் தனியே பிரித்து, ஒரு நாளை ஒரு வருடமாகக் கணக்கிட்டு, அது இனி வரப்போகிற ஏழு வருட உபத்திரவம் என்று எடுப்பவர்களுக்குத்தான் முன்னம், நடு, பிறகு என்ற கேள்வியே எழுகிறது. முன்னம் என்பவர்கள், பிலதெல்பியா சபைக்குச் சோதனைக்காலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்று சொல்லப்பட்ட வெளிப்படுத்தல் 3:10ஐயும், தேவன் நம்மைக் கோபாக்கினைக்கு நியமிக்கவில்லை என்ற 1 தெசலோனிக்கேயர் 5:9ஐயும் பிடிக்கிறார்கள். நடுவில் என்பவர்கள் வெளிப்படுத்தலில் திரும்பத் திரும்ப வருகிற 42 மாதக் கணக்கையும், 11ஆம் அதிகாரத்தில் ஊதப்படுகிற ஏழாம் எக்காளத்தையும், அதோடு பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன கடைசி எக்காளத்தையும் சேர்த்து வாசிக்கிறார்கள். இன்னொரு கூட்டம், வெளிப்படுத்தல் 6இல் உடைக்கப்படுகிற ஆறாம் முத்திரைக்குப் பிறகு, தேவகோபம் ஊற்றப்படுவதற்குச் சற்று முன்னால் என்கிறது. பிறகு என்பவர்களுக்கு மத்தேயு 24:29 முதல் 31 வரை பலமான இடம். அங்கே உபத்திரவம் முடிந்த பிறகே மனுஷகுமாரன் வருகிறார், எக்காளம் தொனிக்கிறது, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கூட்டிச் சேர்க்கப்படுகிறார்கள். பாவமனுஷன் என்ற கடைசிக் கால எதிரி வெளிப்படுவதற்கு முன்னால் அந்த நாள் வராது என்ற 2 தெசலோனிக்கேயர் 2ஐயும் அவர்கள் காட்டுவார்கள்.

இந்த ஏழு வருடக் கணக்கையே எடுக்காத சபைகளும் உண்டு, அவைதான் பழையவையும்கூட. 5ஆம் நூற்றாண்டில் அகஸ்தீன் வெளிப்படுத்தல் 20இல் கிறிஸ்து அரசாளுகிற ஆயிரம் வருடத்தைத் திருச்சபையின் இப்போதைய காலமாகவே விளக்கினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, கிறிஸ்துவின் வருகைக்கு முன்னால் திருச்சபை ஒரு கடைசிச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்று 675ஆம் பத்தியில் சொல்கிறது. நாங்கள் மேடைகளில் அதிகம் கேட்கிற ‘முன்னம்’ என்ற போதனையை இன்றைய வடிவில் பரப்பியவர் ஜோன் நெல்சன் டார்பி, 1830களில், பிரதரன் சபை மக்களிடையே. 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வசனத்தின் கீழேயே குறிப்பு இருந்ததால் பலருக்குக் குறிப்பும் வசனம் போலவே பதிந்துவிட்டது. பிந்தி வந்தது என்பதால் பிழை என்று ஆகாது, ஞாயிறு பாடசாலையும் பிந்தி வந்ததுதான். ஆனால் ஆதிச் சபை தொட்டு எல்லாரும் இதையே நம்பினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அது உண்மையில்லை.

இவ்வளவும் புத்தகத்தில் படிக்கலாம். வன்னியில் இதைப் படிப்பிக்கப் போனால் புத்தகத்தில் இல்லாத ஒன்று நடக்கும்.

மீள்குடியேறி வந்து சில வருடத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு போதகர் எங்கள் சபையில் தொடர் கூட்டம் நடத்தினார். நல்ல பேச்சாளர். விசுவாசிகள் உபத்திரவத்தைக் காணமாட்டார்கள், அதற்கு முன்னமே கர்த்தர் தம்முடைய பிள்ளைகளை எடுத்துக்கொள்வார் என்று சொல்லச் சொல்ல மண்டபமே அல்லேலூயா என்றது. அடுத்த கிழமை எங்கள் பெண்கள் பாடத்தில் அதே பகுதியைத் திறந்தபோது ஒரு அம்மா பேசாமல் இருந்தார். அவருடைய வேதாகமம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றியிருக்கும், போரின் இறுதி நாட்களில் முல்லைத்தீவு வட்டுவாகல் தண்ணீருக்குள்ளால் வந்தபோது நனைந்தது. பின்பக்கம் முழுவதும், யூதாவிலிருந்து கடைசி வரைக்கும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாக இருந்தன. வெளிப்படுத்தலைத் திறக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தைத்தான் எட்டிப் பார்ப்பார். அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை. “உபத்திரவத்துக்கு முன்னம் எடுப்பார் எண்டால், அப்ப நாங்கள் பட்டது என்ன ரீச்சர்?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில்.

2008 கடைசியிலிருந்து 2009 மே வரைக்கும் கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று தறப்பாளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்கள், பங்கருக்குள் ஜெபித்தவர்கள், பிறகு செட்டிக்குளத்து முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். விசுவாசிகள் பெரிய துன்பத்தைக் காணமாட்டார்கள் என்று அவர்களுக்குச் சொன்னால், அவர்கள் இரண்டில் ஒன்றை நினைப்பார்கள்: தேவன் எங்களை விசுவாசிகளாக எண்ணவில்லை, அல்லது அவர் சொன்னதைச் செய்யவில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகச் சபைக்கு வந்துபோகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன், எந்த நிலைப்பாட்டை எடுத்தாலும் அதை அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று சொல்ல முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்ல முடியும், முன்னம் என்று நம்புகிறவர்களாலும் முடியும். அவர்களில் கவனமாக எழுதியவர்கள் யாரும் கிறிஸ்தவர்களுக்குத் துன்பமே வராது என்று சொன்னதில்லை. உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று யோவான் 16:33இல் இயேசுவே சொல்லியிருக்கும்போது எப்படிச் சொல்வார்கள்? சபை தப்பும் என்று அவர்கள் சொல்வது, கடைசிக் காலத்தில் தேவன் ஊற்றப்போகிற கோபத்துக்கு. மனிதர் மனிதருக்குச் செய்கிற கொடுமைக்கு அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதுதான் மேடையில் நடக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதைத்தான்: உங்களுக்கு நடந்தது தேவகோபம் இல்லை. குண்டு போட்டது மனிதர், மறித்து வைத்திருந்ததும் மனிதர், அதற்கு அவர்கள் தேவனுக்குக் கணக்குக் கொடுப்பார்கள். தேவன் உங்களைத் தண்டித்தார் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

பிறகு இரண்டு கடிதங்களை வாசித்தோம். வெளிப்படுத்தலில் ஏழு சபைகளுக்குச் செய்தி போகிறது, அதில் ஒரு குற்றமும் சொல்லப்படாதவை இரண்டே இரண்டு, சிமிர்னாவும் பிலதெல்பியாவும். பிலதெல்பியாவுக்குக் காப்பேன் என்கிறார். சிமிர்னாவுக்கோ, உங்களில் சிலரைச் சிறையில் போடுவார்கள், உபத்திரவப்படுவீர்கள், மரணம் வரைக்கும் உண்மையாயிரு என்கிறார். இரண்டும் உண்மையான சபைகள், இரண்டுக்கும் பேசுகிறவர் ஒருவர்தான். முன்னம் என்பவர்கள் பிலதெல்பியாவை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார்கள் என்பது என்னுடைய குறை. நான் பிறகு என்ற பக்கம் சாய்கிறவள், மத்தேயு 24ஐ நேராக வாசித்தால் எனக்கு வேறு மாதிரி விளங்கவில்லை. ஆனாலும் என் வகுப்பில் பிலதெல்பியாவை நான் மறைப்பதில்லை. சிமிர்னாவில் இருந்த தாயும் பிலதெல்பியாவில் இருந்த தாயும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் படிப்பித்தால் போதும்.

இன்னொரு வசனம் இருக்கிறது, அதைத் தொடும்போது மிகக் கவனம் தேவை. மத்தேயு 24:40, 41. வயலில் இருவர், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். திரிகை அரைக்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி போவாள், ஒருத்தி நிற்பாள். வேறு ஊரில் இதைச் சொன்னால் சிலிர்ப்பாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் கணவனையோ மகனையோ வட்டுவாகலில் படையினரிடம் கையளித்துவிட்டுத் திரும்பிக் காணாதவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட உட்கார்ந்த தாய்மாரில் எங்கள் சபையாரும் இருந்தார்கள். ஒருவர் எடுக்கப்பட்டார், ஒருவர் விடப்பட்டார் என்பது அவர்களுக்கு வருங்காலத்துக் கதை இல்லை. ஒருமுறை ஞாயிறு பாடசாலையில் இந்தப் பகுதி போகும்போது ஒரு சின்னப் பிள்ளை எழும்பி, “எங்கட அப்பாவும் அப்பிடி எடுத்துக்கொள்ளப்பட்டவரோ ரீச்சர்?” என்று கேட்டது. அந்தப் பிள்ளைக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது, ஓம் என்றும் சொல்ல முடியாது. நான் அதைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி, அப்பாவை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை, அப்பா எங்கே என்று இயேசுவுக்குத் தெரியும் என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வசனத்தை முன்பின் வசனங்களோடுதான் படிப்பிக்கிறேன். அதற்கு நேர் மேலே நோவாவின் காலம் பேசப்படுகிறது, வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது துன்மார்க்கரை, விடப்பட்டது நோவா குடும்பம். அதனால் இங்கே எடுக்கப்படுகிறவன் நியாயத்தீர்ப்புக்குப் போகிறவன், நிற்கிறவனே பாதுகாக்கப்பட்டவன் என்று வாசிப்பவர்கள் பலர். முன்னம் என்ற பக்கத்திலேயே, இந்த வசனம் சபை எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றியதே அல்ல என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க இதை வைத்துப் பிள்ளைகளைப் பயப்படுத்துவது எந்தப் பக்கத்தாருக்கும் நியாயமில்லை. கைவிடப்பட்டவர்கள் அலறுகிற மாதிரியான படங்களைச் சிறுவர் கூட்டத்தில் போட வேண்டாம் என்று எங்கள் மூப்பர்களிடம் கேட்டுக்கொண்டேன், அவர்களும் சம்மதித்து நிறுத்தினார்கள். அப்படி ஒரு படம் பார்த்துவிட்டு, இரவில் எழும்பி அம்மா பாயில் இருக்கிறாவா என்று தடவிப் பார்க்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே ஒரு பிள்ளைக்கு அம்மா காணாமல் போவது கற்பனை இல்லை, அதை மறந்துவிட்டு ஊழியம் செய்ய முடியாது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? நான் எப்போதும் 1 தெசலோனிக்கேயர் 4:13இலிருந்து தொடங்குகிறேன், 16இலிருந்து அல்ல. பொதுவாக எக்காளம் ஊதுகிற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பவுல் அதை எழுதியது கால அட்டவணை கேட்டவர்களுக்கு இல்லை, செத்தவீட்டுக்காரருக்கு. தெசலோனிக்கேயாவில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். இயேசு வரும்போது எங்கள் ஆட்கள் இல்லாமல் போய்விட்டார்களே, அவர்களுக்கு அந்த நாளில் பங்கு கிடைக்காதோ என்று மிச்சமிருந்தவர்கள் துக்கப்பட்டார்கள். அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், நாங்கள் அவர்களுக்கு முந்திக்கொள்ளமாட்டோம், எல்லாரும் சேர்ந்தே கர்த்தரைச் சந்திப்போம் என்று பதில் போகிறது. கடைசி வசனம், இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்பது.

எங்கள் சனத்தில் எத்தனை பேர் தங்கள் ஆட்களைச் சரியாகப் புதைக்கவில்லை. பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடினார்கள். பெட்டி இல்லை, பாட்டு இல்லை, போதகர் இல்லை, எந்தத் தென்னைக்குக் கீழே என்று இன்று அடையாளமும் இல்லை. ஆராதனை இல்லாமல் புதைத்தால் உயிர்த்தெழுதலில் குறை வருமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னமா பிறகா என்பதைவிட, முதலில் யார் எழுந்திருப்பார்கள் என்பதுதான் அவசரம். பவுல் அதற்குப் பதில் வைத்திருக்கிறார். மே மாதத்தில் சபையில் நினைவுகூரும்போது நாங்கள் 13 முதல் 18 வரை முழுக்க வாசிக்கிறோம், விளக்கம் சொல்வதில்லை, பெயர்களை மட்டும் வாசிக்கிறோம். இதில் எந்தச் சபையோடும் எங்களுக்குப் பிணக்கு வந்ததில்லை. கத்தோலிக்க உறவுகளும் வந்து நிற்பார்கள்.

இனித் திகதி விஷயம். இதில் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன்.

2025 செப்டெம்பர் 23, 24 என்று டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் சபை எடுத்துக்கொள்ளப்படும் நாளாக ஒரு திகதி சுற்றியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வட்ஸ்அப் குழுவிலும் தமிழ்க் குரல் வைத்து வந்தது. செப்டெம்பர் எங்களுக்கு எந்த நேரம் என்று யோசித்துப் பாருங்கள். காலபோக நெல் விதைப்புக்கு நிலம் புரட்ட ஆயத்தப்படுகிற நேரம், நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இரவு பகலாகப் படிக்கிற நேரம். சபையில் ஒரு இளம் குடும்பஸ்தர், நல்ல பக்தியுள்ளவர், உழவு மெசினுக்கு முற்பணம் கொடுக்காமல் வைத்திருந்தார். மனைவி வந்து அழுதபோதுதான் தெரிந்தது. நுண்கடன் தவணையையும் இந்த மாதம் விடுவோம் என்று யோசித்திருக்கிறார். மூப்பர் ஒருவரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். திகதி பொய் என்று வாதாடப் போகவில்லை. 2 தெசலோனிக்கேயரைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னோம். அந்த நாள் நெருங்கிவிட்டது என்று ஆவியினாலோ பேச்சினாலோ நிருபத்தினாலோ யாராவது சொன்னால் உடனே கலங்காதேயுங்கள் என்று 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 3ஆம் அதிகாரத்தில், வேலை செய்யாமல் திரிகிறவர்கள் அமைதியாக வேலை செய்து தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே கடிதம். அந்த இடத்துக்கு வந்ததும் அவராகவே நிறுத்தினார். ஒரு மழை பிந்தித்தான் விதைத்தார், ஆனால் விதைத்தார்.

இது புதிதும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 ஒக்டோபர் 22க்காகக் காத்திருந்தார்கள், சிலர் விளைச்சலை எடுக்காமலே வயலில் விட்டிருந்தார்கள். தென்கொரியாவில் 1992 ஒக்டோபர் 28 என்று ஒரு இயக்கம் சொன்னது, ஆட்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றுக் கொடுத்தார்கள். அதன் தலைவர் வாங்கி வைத்திருந்த கடன்பத்திரங்களோ 1993 மே மாதத்தில் முதிர்ச்சியடைபவை. மோசடிக்காக அவர் சிறை போனார். 2011 மே 21 என்று வானொலியில் சொன்ன ஹரோல்ட் கேம்பிங், அது நடக்காமல் போக ஒக்டோபர் 21 என்று மாற்றி, அதுவும் போக, அடுத்த வருடம் தான் திகதி குறித்தது பாவம் என்று எழுதினார். அப்படி எழுதிய மனதை நான் மதிக்கிறேன். ஆனால் அவரை நம்பித் தங்கள் சேமிப்பைக் கொட்டியவர்களுக்குக் காசு திரும்பி வரவில்லை.

ஆகவே யாராவது திகதியோடு வந்தால், அந்த நாளும் நாழிகையும் ஒருவனுக்கும் தெரியாது என்ற மத்தேயு 24:36ஐ மட்டும் காட்டிவிட்டு விடாதீர்கள், அதற்கு அவர்கள் பதில் ஆயத்தமாக வைத்திருப்பார்கள், நாளும் நாழிகையும்தான் தெரியாது, மாதமும் வருடமும் தெரியலாம் என்பார்கள். அவருடைய சொந்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். அடுத்த வருடத்துக்கு மண்டப வாடகை கட்டியிருக்கிறாரா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாரா, இந்தக் கூட்டத்தில் காணிக்கை எதற்காகச் சேர்க்கிறார்? மரியாதையாகக் கேட்கலாம், ‘ஐயா’ என்று சொல்லியே கேட்கலாம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிறு காலை, முல்லைத்தீவுக் கரையே அழிந்தது, அப்போதும் இதுதான் முடிவு என்றார்கள். 2009இல் நாங்களே நினைத்தோம், கொரோனாவில் சொன்னார்கள், பெற்றோல் இல்லாத 2022இலும் சொன்னார்கள். யுத்தங்களையும் பூமியதிர்ச்சிகளையும் சொல்லிவிட்டு, இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்றுதான் இயேசு சொன்னார், முடிவு என்று சொல்லவில்லை.

நிலம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு எரேமியா 32ஐக் காட்டுவேன். எருசலேம் முற்றுகைக்குள் இருக்கிறது, எரேமியாவே காவலில் இருக்கிறார், நகரம் விழப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கு என்கிறார் கர்த்தர். சாட்சி வைத்து, உறுதி எழுதி, அது அழியாதபடி மண்பாண்டத்தில் போட்டு வைக்கிறார்கள். காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நந்திக்கடல் தாண்டிய சனத்துக்கு இந்த அதிகாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. வாசித்தாலே தலையை ஆட்டுவார்கள். முடிவு வரும் என்று மற்ற எல்லாரையும்விட உறுதியாகத் தெரிந்த ஒருவர் காணி வாங்கினார் என்பதைச் சொத்தை விற்கச் சொல்லும் போதகருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வெளிப்படுத்தல் 13இல் வருகிற மிருகத்தின் இலக்கமான 666 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், எங்கள் சபையில் ஒரு ஐயா பதிய மறுத்தார். வாங்கவும் விற்கவும் இலக்கம் வேண்டும் என்றால் அது வெளிப்படுத்தல் 13தான் என்றார். இளம் பிள்ளைகள் சிரித்தார்கள், நான் அவர்களை ஏசினேன். பதிவு, இலக்கம், பட்டியல் என்றால் பயப்பட எங்கள் சனத்துக்குக் காரணம் இருக்கிறது. வரிசையில் நிறுத்திப் பெயர் பதிந்த இடங்களிலிருந்துதான் சிலர் திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தை முதலில் மதிக்க வேண்டும், பிறகு வேதத்தைத் திறக்க வேண்டும். அந்த ஐயாவோடு 13ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, கையிலோ நெற்றியிலோ இடப்படுகிற மிருகத்தின் முத்திரைக்கு முன்னால் அதன் சொரூபத்தை வணங்குவது வருகிறது என்பதைக் காட்டினேன். யாரை வணங்குகிறோம் என்பதற்கான அடையாளம் அது, தெரியாமல் கையில் ஒட்டிக்கொள்கிற ஒன்றல்ல. 14:1இல் ஆட்டுக்குட்டியானவருடைய பிதாவின் நாமம் நெற்றியில் எழுதப்பட்டவர்கள் நிற்கிறார்கள், அதையும் சேர்த்து வாசிக்காமல் 13இல் புத்தகத்தை மூடக் கூடாது. அவர் யோசித்து, இரண்டு கிழமை கழித்துப் பதிந்தார். தடுப்பூசி நேரத்திலும் இதே மாதிரி இருந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அப்போது ஊரடங்கு, வீடுகளுக்குப் போக முடியவில்லை.

வீட்டுக்குள்ளேயே நிலைப்பாடு வேறாக இருப்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் கணவர் முன்னம், நான் பிறகு. ஒரே பிரசங்கத்துக்கு இரண்டு பேரும் ஆமென் சொல்கிறோம். கர்த்தர் நாளைக்கே வரலாம் என்பது அவரை ஜெபத்தில் வைத்திருக்கிறது, வர முன்னம் கஷ்டம் வரலாம் என்பது என்னை ஆயத்தத்தில் வைத்திருக்கிறது. வேண்டியது இரண்டும்தான். இதற்காகச் சபை மாறாதீர்கள், இதற்காகக் கலியாணப் பேச்சைக் குழப்பாதீர்கள். குழப்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

இந்தப் பாடத்தைப் புதிதாக எடுக்கப் போகிறவர்கள் வெளிப்படுத்தலில் ஆரம்பிக்க வேண்டாம். முதலாம் தெசலோனிக்கேயர் ஐந்து அதிகாரம்தான், ஒரே இருப்பில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும், அவரவர் இறந்தவர்களைப் பற்றிப் பேச நேரம் விடுங்கள், அன்றைக்கு வேறொன்றும் செய்ய வேண்டாம். அடுத்த கிழமை இரண்டாம் நிருபம், மூன்று அதிகாரம். பிறகு மத்தேயு 24ஐ 25ஓடு சேர்த்தே வாசியுங்கள், பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்ததும் சிறையிலிருந்தவனைப் பார்க்கப் போனதும் 25இல்தான் வருகின்றன, அந்த அதிகாரத்தை விட்டுவிட்டால் 24 பயமாக மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு ஏழு சபைகளுக்கான கடிதங்கள். நான்கு நிலைப்பாடுகளையும் பலகையில் எழுதுவது அதற்கும் பிறகு, அப்போதும் ஒவ்வொன்றையும் அதை நம்புகிறவர் ஒருவரே எழும்பிச் சொல்லட்டும். முன்னம் என்பதை என் வகுப்பில் என் கணவர்தான் வந்து படிப்பிக்கிறார்.